அம்மப்பாவின் மொறிஸ் மைனர்: நிசான் என்ஜின் போடுவதா, பழையபடியே கட்டுவதா?

ஆரையம்பதிப் பேரன்:

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் அம்மப்பாவின் மொறிஸ் மைனர் 1000 ஒன்று ஆரையம்பதி வீட்டுக் கொட்டிலில் நிற்கிறது. 1959 மொடல், 948 சீசீ, நாலு கதவு. கதவுத் தூணுக்குள் இருந்து கை நீட்டுகிற அந்தப் பழைய சிக்னல் கூட அப்படியே இருக்கிறது. அம்மப்பா அப்போதிக்கரியாக இருந்தவர். குருமண்வெளியில் காரைப் பாதையில், அதாவது வாவியைக் கடக்கிற மிதவையில் ஏற்றி, மண்டூர்ப் பக்கம் நோயாளி பார்க்கப் போவாராம். 2004இல் கடல் வந்தபோது கார் வீட்டில் இல்லை. ஏதோ சின்ன வேலை என்று செங்கலடிப் பக்கம் ஒரு கராஜில் விட்டிருந்தார்கள், அங்கே என்ஜினைக் கழற்றி வைத்துக்கொண்டு மூன்று மாதம் இழுத்தடித்தார்கள், அதனால் கார் தப்பியது. அம்மம்மா இதைப் பிள்ளையார் செயல் என்பார். கார் திரும்பி வந்து முன்பைவிட நன்றாக ஓடியதும் பிள்ளையார் செயல்தானாம்.

அம்மப்பா 2011இல் போனார். அதோடு காரும் நின்றது. இப்போது என் பொறுப்பில் வந்திருக்கிறது, என்ஜின் சுற்றவே மாட்டேன் என்கிறது.

கல்முனையில் ஒரு கராஜில் கேட்டேன். நிசான் ஏ14 என்ஜின், ஐந்து கியர்ப் பெட்டி, முன்சில்லுக்கு டிஸ்க் பிறேக், ஏசி, எல்லாம் சேர்த்து இரண்டு மாதத்தில் தருகிறோம் என்கிறார்கள். இங்கே மட்டக்களப்பில் ஒரு வயதான மெக்கானிக் பாஸ் இருக்கிறார், அவரோ ஒன்றையும் மாற்றாதே, கொழும்பு பஞ்சிகாவத்தையில் தேடினால் எல்லாச் சாமானும் கிடைக்கும், எப்போது முடியும் என்று மட்டும் கேட்காதே என்கிறார். எனக்கு இது கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கிற பொருளாக வேண்டாம், களுவாஞ்சிக்குடிக்கு வேலைக்குப் போய்வர வேண்டும். மனைவி சித்திரை வெயிலில் ஏசி இல்லாத காரில் ஏறமாட்டேன் என்று முடிவாகச் சொல்லிவிட்டார். மாமா என்னவென்றால், அப்பாவின் காரில் கைபடாத ஒரு ஆணியைக் கூட நீ கழற்றினால் உன் வீட்டு வாசல் மிதிக்கமாட்டேன் என்கிறார். இத்தனைக்கும் இந்தப் பதினான்கு வருடத்தில் அவர் அந்தக் காருக்கு ஒரு தார்பாய் கூட வாங்கிப் போட்டதில்லை.

அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.


சம்மாந்துறைக் காக்கா:

தம்பி, என்ஜினை இப்போதைக்கு மறந்துவிடு. நாற்பது வருடம் கராஜ் நடத்தியவன் சொல்கிறேன், மைனர் என்ஜினால் சாவதில்லை, கறளால் சாகிறது.

இந்த வண்டிக்கு லொறி மாதிரித் தனிச் செசி கிடையாது. பொடியேதான் செசி. அதனால் கதவுக்குக் கீழே இரண்டு பக்கமும் ஓடுகிற சில் இருக்கிறதே, அது அலங்காரம் இல்லை, அதுதான் முதுகெலும்பு. அது, மறுகா தரைக்குக் கீழே குறுக்கே போகிற குறுக்குச் சட்டம், பின்பக்க இலைவில் வந்து மாட்டுகிற இடம், என்ஜினுக்கு இரண்டு பக்கமும் உள்ள சட்டங்கள், இவ்வளவையும் முதலில் பார். கண்ணால் பார்க்காதே. ஒரு பழைய ஸ்குறூ டிறைவரை எடுத்துக்கொண்டு கீழே படுத்துக் குத்திப் பார். டங் என்று கேட்டால் தகரம், மெத்தென்று உள்ளே போனால் கட்டலோய், ஓட்டையை மறைக்கப் பூசுகிற பசை. நம் கரையோரத்தில் உப்புக் காற்று வெளியே இருந்து தின்கிறது, நம் ஆட்கள் அதன் மேல் கட்டலோய் பூசிப் பெயின்ற் அடித்து உள்ளே இருந்தும் தின்னவைப்பார்கள்.

என்ஜின் இறுகியிருந்தால் ஸ்டாட்டர் அடித்துப் பார்க்கவே பார்க்காதே. நாலு பிளக்கையும் கழற்றி உள்ளே கொஞ்சம் ஒயிலும் டீசலும் ஊற்றி ஒரு கிழமை விடு. பிறகு முன்னால் கைப்பிடி போட்டு மெதுவாக இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆட்டு. அவசரப்பட்டால் உடைகிறது நீதான் வாங்கித் தரவேண்டிய சாமான்.

நிசான் ஏ14 பற்றிக் குறை சொல்லமாட்டேன், நானே நிறையப் போட்டிருக்கிறேன். நல்ல என்ஜின், அலுமினியத் தலை, பாரமும் குறைவு. நிசான்காரன் 1952இல் ஒஸ்டினோடு ஒப்பந்தம் போட்டு ஏ40 காரை ஜப்பானில் கட்டித்தான் கார்த் தொழிலைச் சரியாகப் படித்தான், அதனால் இரண்டும் தூரத்துச் சொந்தம் என்று நான் பகிடியாகச் சொல்வேன். பிரச்சினை என்ஜின் இல்லை, அதற்குப் பின்னால் வருகிற பெட்டி. ஐந்து கியர்ப் பெட்டி நீளம் கூட, அதை நுழைக்கத் தரையின் நடுத் திமிலை வெட்டுவார்கள், சிலர் குறுக்குச் சட்டத்தையும் வெட்டுவார்கள். அங்கேதான் வண்டி போகிறது. உன் 948க்கு 37 குதிரைவலு. அதற்கு அளவாக 7 அங்குல டிறம் பிறேக் கொடுத்திருக்கிறான். என்ஜினை இரண்டு மடங்காக்கிவிட்டு பிறேக்கை அப்படியே விட்டால் என்ன நடக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

இன்னொன்று, நமக்கு அவ்வளவு வேகம் எதற்கு? பொத்துவிலில் இருந்து மட்டக்களப்பு வரைக்கும் ஒரு ஏற்றம் காட்டு பார்ப்போம். கல்லடிப் பாலம்தான் நமக்கு மலை.


கோட்டைமுனைக்காரன்:

நான் மாமாவின் கட்சி. கோபிக்க வேண்டாம்.

நிசான் என்ஜின், டிஸ்க் பிறேக், ஏசி, ஐந்து கியர், பிறகு சும்மா இருப்பார்களா, பெரிய ரிம், கறுப்புக் கண்ணாடி, தோல் சீட். கடைசியில் மைனரின் தோலைப் போர்த்திக்கொண்டு ஒரு நிசான் சணி ஓடும். அது அம்மப்பாவின் கார் இல்லை. மைனர் வேகம் குறையும்போது சைலன்சரில் ஒரு புடுபுடுப்பு வரும் பாருங்கள், சின்ன வயதில் படலை திறக்கப் பிள்ளைகள் ஓடுவதே அந்தச் சத்தத்துக்குத்தான். அந்தச் சத்தத்தை ஏ14 தருமா?

ஓடவேண்டும் என்றால் ஜப்பான் கார் ஒன்றை வாங்கி ஓடுங்கள். 2020இல் இறக்குமதியை நிறுத்தி 2025 வரை இழுத்ததில் விலை எங்கேயோ போய்விட்டது என்பது தெரியும், அதற்காக அறுபது வருடக் காரை வெட்டுவதா? கெடுக்க ஒரு நாள் போதும், திருப்பி எடுக்க ஒரு ஆயுள் போதாது. உலகப் பழைய வாகனச் சங்கங்களின் கூட்டமைப்பு ஃபிவா 2012இல் டூரின் சாசனம் என்று ஒன்றை ஏற்றுக்கொண்டது. அதுவும் இதைத்தான் சொல்கிறது: உள்ளதைக் காப்பாற்று, மாற்றித்தான் ஆகவேண்டும் என்றால் திரும்பக் கழற்றக்கூடியதாக மாற்று.


லண்டன் மட்டுநகரான்:

கோட்டைமுனை அண்ணே, நீங்கள் சொல்கிற அந்தப் 'பழையபடி' எந்த நாளில் தொடங்குகிறது?

மைனரை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ் போர்க் காலத்தில் அதற்கு வைத்த பெயர் மொஸ்கிட்டோ, அதாவது நுளம்பு. அதற்காக அவர் நினைத்திருந்தது படுத்த வாக்கில் நாலு சிலிண்டர் உள்ள ஒரு புது என்ஜின். அது கைகூடவில்லை, கம்பனியிடம் இருந்த பழைய 918 சீசீ என்ஜினைப் போட்டு 1948இல் விற்பனைக்கு விட்டார்கள். அதைவிடப் பெரிய கதை, உற்பத்திக்குக் கிட்ட வந்த நேரத்தில் கார் ஒடுக்கமாக இருப்பதாக அவருக்குத் தோன்றியிருக்கிறது. மாதிரிக் காரை நீளவாக்கில் நடுவால் அறுத்து, இரண்டு பாதியையும் தள்ளித் தள்ளி வைத்துப் பார்த்து, 4 அங்குலம் கூட்டினார். உங்கள் பொனெற்றின் நடுவில் ஒரு தட்டையான பட்டை ஓடுகிறதே, அதுதான் அந்த 4 அங்குலம். ஏற்கெனவே செய்து வைத்திருந்த பம்பர்களையும் நடுவில் வெட்டித் துண்டு வைத்துத்தான் பொருத்தினார்கள். ஆக, இந்தக் காரை முதலில் வெட்டி மொடிபை செய்தவர் அதைப் பெற்றவர்தான். பிறகு 1952இல் ஒஸ்டினின் 803 சீசீ, 1956இல் 948, 1962இல் 1098 என்று கம்பனியே என்ஜினை மாற்றிக்கொண்டே போனது.

ஆனால் காக்கா பொடியைப் பற்றிச் சொன்னதுதான் முக்கியம். இங்கே வாகனப் பதிவுக்காரர்கள் மாற்றிய வண்டிகளுக்குப் பல வருடமாக ஒரு புள்ளிக் கணக்கு வைத்திருந்தார்கள். பழைய அடையாளத்தோடு பதிவு நிலைக்க 8 புள்ளி வேண்டும். அதில் பொடிக்கு 5, சஸ்பென்சனுக்கு 2, ஸ்டியரிங்குக்கு 2, அச்சுக்கு 2, கியர்ப் பெட்டிக்கு 2, என்ஜினுக்கு எவ்வளவு தெரியுமா? 1. நாம் சண்டை பிடிப்பது முழுக்க அந்த ஒரு புள்ளிக்கு.

சாமான் பற்றியும் ஒரு வார்த்தை. இங்கிலாந்தில் பாத் நகரத்தில் சார்ள்ஸ் வேர் என்பவர் மைனருக்கென்றே ஒரு நிலையம் நடத்தினார், அதற்கான தகரப் பாகங்கள் இலங்கையில்தான் அடித்து அனுப்பப்பட்டன. வெள்ளைக்காரன் தன் காருக்குத் தகரம் நம் நாட்டில் வாங்கியிருக்கிறான், நாம் என்னவென்றால் ஒரிஜினல் சாமானுக்கு லண்டனில் ஆள் பிடிக்கிறோம். எனக்கே வருடத்துக்கு நாலு பேர் லிஸ்ட் அனுப்புகிறார்கள்.


கோட்டைமுனைக்காரன்:

இசிகோனிஸ் வெட்டினார் என்பதற்காகக் கல்முனைக் கராஜும் வெட்டலாம் என்பது என்ன நியாயம்? அவர் கிறைண்டரோடு வந்தால் நானே படலை திறந்துவிடுகிறேன்.


பாசிக்குடா அலை:

நான் பெண், காரைப் பற்றி எழுதினால் யாரிடம் கேட்டு எழுதினாய் என்று கேட்பீர்கள். யாரிடமும் கேட்கவில்லை, எங்கள் வீட்டுக் காசு போன கதை.

எங்களிடம் இருந்ததும் மைனர்தான், 1962. அப்பா ஓய்வு பெற்ற காசில் ஒரு கராஜில் கொடுத்து ஐந்து கியர்ப் பெட்டியோடு ஜப்பான் என்ஜின் போட்டார். எந்த ஊர்க் கராஜ் என்று சொல்லப்போவதில்லை. காக்கா சொன்ன அதே வேலை, நடுத் திமிலை வெட்டி, குறுக்குச் சட்டத்தில் ஒரு பகுதியையும் எடுத்து, ஒரு தகரத்தை வைத்து வெல்டிங் அடித்துவிட்டார்கள். முதல் மாதம் அப்பா பறந்தார். ஏறாவூர் தாண்டி பஸ்ஸை முந்தினேன் என்று வீட்டுக்கு வந்து சொன்னார், அந்தச் சந்தோசத்தை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். நாலாவது மாதம் சாரதிப் பக்கத்துப் பின்கதவு பூட்டுப்படவில்லை. கதவில்தான் பிழை என்று பிணைச்சலைத் தட்டித் தட்டிச் சரி செய்தார்கள். பிறகு முன்கதவு. பிறகுதான் ஒருவர் கீழே படுத்துப் பார்த்துச் சொன்னார், கதவு சரியாகத்தான் இருக்கிறது, கார்தான் நடுவில் தொய்ந்திருக்கிறது என்று. கதவுக்குக் கீழே ஓடுகிற சில் கூட அந்த நேரம் கறள் தின்று இருந்திருக்கிறது, மேலே மினுக்கிய பெயின்றில் யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் வந்த விலைக்குக் கொடுத்தோம். கழற்றிய பழைய என்ஜினையாவது வைத்திருக்கிறோமா என்றால் அதுவும் இல்லை, கராஜ்காரர் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டாராம்.

அதற்காக மாற்றவே கூடாது என்று சொல்லவில்லை. கை நீட்டுகிற சிக்னலோடு இன்றைக்குக் காத்தான்குடிச் சந்தியில் திரும்பிப் பாருங்கள். ஆட்டோக்காரர் அதைப் பார்த்துச் சிரிப்பார், ஆனால் நிறுத்தமாட்டார். கையை அப்படியே விட்டுவிட்டு, முன்னுக்கும் பின்னுக்கும் மின்னுகிற விளக்கு சேருங்கள். கம்பனியே 1961இல் அந்தக் கையை விட்டுவிட்டது.


ஆரையம்பதிப் பேரன்:

அக்கா, வாசிக்கவே வயிறு கலங்குகிறது. கல்முனைக் கராஜுக்கு இன்றைக்கே போன் பண்ணிப் பொறுக்கச் சொல்லிவிட்டேன். அவர்கள் எங்கே வெட்டுவார்கள் என்று நான் கேட்கவே இல்லை, கேட்கவேண்டும் என்றும் தெரியவில்லை.

காக்கா, ஏசி மட்டும் போடலாமா? என்ஜினை மாற்றாமல்?


சம்மாந்துறைக் காக்கா:

தம்பி, அந்தக் கார் கரண்ட் எடுப்பது டைனமோவில். மிஞ்சி மிஞ்சிப் போனால் 22 அம்பியர் தரும், அதுவும் ஓடும்போதுதான், சந்தியில் நின்றால் விளக்கே மங்கும். ஏசியின் காற்றாடி ஒன்றுக்கே அதில் பாதி போய்விடும். அதோடு கொம்பிறசரைச் சுற்ற என்ஜின் நாலைந்து குதிரையைக் கொடுக்கவேண்டும். 37இல் நாலைந்து போனால் கல்லடிப் பாலத்தில் பொண்டாட்டி குளிராக இருப்பார், நீ இறங்கித் தள்ளுவாய்.

நான் செய்வது என்றால் இப்படிச் செய்வேன். தகர வேலை முழுக்க முதலில், அதில் ஒரு சதம் மிச்சம் பிடிக்காதே. அடுத்தது பிறேக். மாஸ்டர் சிலிண்டர் சாரதியின் காலடியில் சட்டத்துக்குள்ளே ஒளிந்திருக்கிறது, அதைக் கழற்றவே ஒரு நாள் போகும், பதினான்கு வருடம் நின்ற வண்டியில் உள்ளே இருக்கிற ரப்பர் எல்லாம் மண். விரும்பினால் முன்னுக்கு 1098இன் 8 அங்குல டிறம் போடு, அதே குடும்பத்துச் சாமான், ஒன்றும் வெட்டத் தேவையில்லை. டிஸ்க் போட்டாலும் குற்றமில்லை, கழற்றக்கூடிய வேலைதான். முன்சில்லைத் தாங்குகிற மரையுள்ள மூட்டைப் பார்க்காமல் றோட்டில் இறக்காதே. அது தேய்ந்து கழன்றால் சில்லு மடிந்து கார் மூக்கில் விழும், கிறீஸ் அடிக்காதவன் எல்லாம் ஒரு நாள் இதைப் பார்த்திருக்கிறான்.

டைனமோவைத் தூக்கிவிட்டு ஓல்ற்றனேற்றர் வை. ஆனால் கவனம், அந்தக் காலத்து வயரிங்கில் பொடிக்குப் போவது பற்றறியின் பொசிட்டிவ் பக்கம். அதைத் திருப்பாமல் புதுச் சாமானைக் கொழுவினால் புகை வரும். என்ஜின் தலையைக் கழற்றும்போது எக்சோஸ்ட் வால்வு உட்காருகிற இடத்துக்கு உறுதியான வளையம் போடச் சொல். 2002இல் ஈயம் கலந்த பெற்றோல் நின்ற பிறகு பழைய தலைகள் மெல்ல மெல்லத் தேய்கின்றன. இதெல்லாம் வெளியே ஒருவருக்கும் தெரியாது, மாமா வந்து பொனெற்றைத் திறந்தாலும் தெரியாது.

இவ்வளவும் செய்து ஒரு வருடம் ஓடிப் பார். சக்தி காணாது என்றால் அதே குடும்பத்து 1098 தேடு, அதற்கு மேலே 1275 கூட இருக்கிறது. அந்த நேரம் ஏசியைப் பற்றிப் பேசுவோம்.


வெல்லாவெளி வயல்:

யாழ்ப்பாணத்தில் 90களில் பெற்றோல் இல்லாத காலத்தில் இதே மொறிஸையும் ஏ40ஐயும் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். ஸ்டாட் பண்ண மட்டும் காபரேற்றரில் சொட்டுப் பெற்றோல். ஒரிஜினல், மொடிபை என்று வாதாட அப்போது யாருக்கு நேரம் இருந்தது?

பேரன், ஒரு சின்ன விசயம். எந்த முடிவு எடுத்தாலும் என்ஜினில் உள்ள இலக்கத்தை வாகனப் புத்தகத்தோடு ஒத்துப் பாருங்கள். என்ஜின் மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிய வேண்டும், பதியாமல் விட்டால் விற்கும்போது மாட்டுப்படுவீர்கள். என்ஜினுக்குப் பின்னால் உள்ள தடுப்புத் தகரத்தில் இருக்கிற இலக்கத் தகட்டைப் பெயின்ற் அடிக்கிற பெடியனிடம் கழற்றக் கொடுக்காதீர்கள், அது தொலைந்தால் காரே தொலைந்த மாதிரி.


ஆரையம்பதிப் பேரன்:

ஞாயிறு முழுக்கக் காருக்குக் கீழேதான் கிடந்தேன்.

இடது பக்கச் சில் டங் என்றது. வலது பக்கம் ஸ்குறூ டிறைவர் பிடிவரைக்கும் போனது, வெளியே இழுத்தால் கூடவே ஒரு கைப்பிடி கறள். குறுக்குச் சட்டம் பரவாயில்லை போலிருக்கிறது, காக்கா ஒரு நாள் வந்து பார்த்தால் நல்லது, மதியச் சாப்பாடு எங்கள் வீட்டில். பின்சீட்டுக்குக் கீழே தரையில் ஒரு ஒட்டுப் போட்டிருந்தது. சுரண்டிப் பார்த்தால் பால்மா டின்னை விரித்து அடித்த தகரம், எழுத்துக் கூட உட்பக்கம் தெரிகிறது. அம்மம்மாவிடம் காட்டினேன், அது அம்மப்பா தானே இருந்து அடித்ததாம், சூறாவளிக்கு அடுத்த வருடம். அதை மட்டும் மாற்றப்போவதில்லை.

அடுத்தது என்ஜின் இலக்கம். வெல்லாவெளி அண்ணே சொன்னபடி பெற்றோல் துணியால் துடைத்துப் பார்த்தேன். புத்தகத்தில் 9எம் என்று தொடங்குகிறது. என்ஜினில் இருப்பது 10எம்ஏ.


சம்மாந்துறைக் காக்கா:

அது 948 இல்லை தம்பி. 1098.

செங்கலடிக் கராஜில் மூன்று மாதம் நின்றது என்றாயே.


ஆரையம்பதிப் பேரன்:

ஓம் காக்கா. பிள்ளையார் செயல்.

அம்மம்மாவுக்கும் தெரியாது, புத்தகத்திலும் பதியவில்லை, கழற்றிய 948 எங்கே போனது என்று கேட்க ஆளும் இல்லை. இந்தக் கிழமை பிளக்கைக் கழற்றி ஒயில் ஊற்றுகிறேன். மாமாவுக்கு இன்னும் சொல்லவில்லை.